சாம்பலனின் அக்காள்

பிறக்கவே இல்லாத ஒருவன் செத்துப்போனால் அவனுக்காக ஒருவர் தலை முழுக வேண்டுமா?

புஷ்பவல்லியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை. முழுகியாக வேண்டும், முழுகினார், அவ்வளவுதான். இருப்பது எது, இல்லாதது எது என்று ஆராயும் கனமான நூல்களோடு நான் நிறையப் பொழுதைக் கழித்திருக்கிறேன். எதிரில் கிடக்கும் மேசை உண்மையில் இருக்கிறதா என்று அவை பக்கம் பக்கமாகப் பேசும். அந்த மேசை செத்துப்போனால் வீட்டில் அடுப்பு பற்றவைக்கலாமா கூடாதா என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை.

புஷ்பவல்லிக்கு நாற்பத்தேழு வயது. பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகும் வழியில் ஆரோக்கியசெல்வம் என்பவர் நடத்தும் வெங்காயக் கொட்டகையில் வேலை. காட்டிலிருந்து வரும் சின்ன வெங்காயத்தைக் குவித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து, காய்ந்த தாளையும் வேரையும் அறுத்து, பெரிசு சிறிசு பிரித்துக் கூடையில் போடுவார்கள். கூடைக்குத்தான் கூலி. கணவர் சாமிதுரை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் கலையரசி, பெரம்பலூரில் ஒரு விதைக் கடையில் பில் போடுகிறாள்.

புஷ்பவல்லியின் பிறந்த வீட்டில் நாலும் பெண்கள். நாலாவதற்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துப் பார்த்தும் ஆண் பிள்ளை வரவில்லை. ஆகவே கலையரசிக்குத் தாய்மாமன் கிடையாது. இந்த ஊர்களில் இது லேசான குறை இல்லை. அவளுக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார வைப்பது என்று தகராறு. அவள் வயதுக்கு வந்தபோது யார் சீர் கொண்டுவருவது என்று தகராறு. ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தாவது ஓர் ஒன்றுவிட்ட தம்பியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பி சாப்பாட்டில் குறை சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக வந்துபோனவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். போன் போட்டால் எடுப்பதில்லை.

இந்த நிலையில் கலையரசிக்கு விக்கிரமங்கலத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பையன் மணிமாறன். சிறுவாச்சூரில், அம்மன் கோயில் நடை திறந்திருக்கும் ஒரு வெள்ளிக்கிழமையில், ரோட்டோரத்து மண்டபத்தில் நிச்சயம். நிச்சயத்தன்று பெண்ணுக்குத் தாய்மாமன்தான் மாலை போட்டுச் சபைக்கு அழைத்துவர வேண்டும். பெண் பார்க்க வந்தபோதே பையனின் தாய்மாமன் முத்துவேல், "பொண்ணுக்கு மாமன் யாருங்க?" என்று கேட்டிருந்தார். அவர் தன் மாமன் பதவியை ஓர் உத்தியோகம் போல வகித்து வருபவர். "பாத்துக்கலாங்க" என்று சாமிதுரை சொல்லிச் சமாளித்திருந்தார்.

புத்தகம் வந்தது இந்தச் சமயத்தில்தான். பெரம்பலூர்ப் புத்தகக் கண்காட்சியில் ஏதோ குலுக்கலில் கலையரசிக்கு விழுந்தது. அட்டையில் ஒரு விளக்கும் ஒரு கயிறும். அவள் அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள், பிறகு மறந்துபோனாள். கொட்டகையில் எல்லோரும் சீரியல் கேட்டுக்கொண்டிருந்த போன் ஒரு நாள் கீழே விழுந்து ஊமையாகிவிட, பொழுது போகாத பெண்களுக்காகப் புஷ்பவல்லி அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உரக்கப் படித்தார். படிக்கிறவர் கையில் கத்தி பிடிக்க முடியாது, கூடை நிறையாது. அதனால் மற்றவர்கள் தாங்கள் அறுத்ததில் ஆளுக்கொரு கை எடுத்துப் புஷ்பவல்லியின் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டார்கள். வில்லன் வரும் இடங்களில் கூடை சீக்கிரம் நிறைந்ததாகச் சொல்கிறார்கள்.

கதைகள் சூரியன் உதிக்காத ஒரு நாட்டில் நடக்கின்றன. அங்கே சாம்பலன் என்று ஒருவன். தூக்குப் போடுவது அவன் தொழில். அவன் தூக்கிலிட்டவர்களின் பேய்கள் ஊருக்கு ஊர் அட்டூழியம் செய்ய, அவற்றைப் பிடித்து மறுபடி தூக்கில் போடுவதற்காகக் கழுதையில் ஏறி அலைகிறான். எல்லாக் கதையிலும் அவன்தான் நாயகன். எல்லாக் கதையின் முடிவிலும் சாகிறான். அடுத்த கதையின் தொடக்கத்தில் எந்த விளக்கமும் இல்லாமல் கழுதையோடு வந்து நிற்கிறான். நானும் முதல் சில கதைகளைப் படித்துப் பார்த்தேன். பாராட்ட அதிகமில்லை. பயம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஆசிரியர் ஒரு காக்கையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறார். கழுதை நன்றாக வந்திருக்கிறது.

சாம்பலன் வாயைத் திறந்து முதல் வசனம் பேசியதுமே கொட்டகையில் ஒரு சிக்கல் எழுந்தது.

"அண்ணி, இவன் எனக்கு என்ன முறை?" என்று கேட்டாள் மலர்கொடி.

மலர்கொடி சாமிதுரையின் தங்கை. திருமானூரில் கட்டிக்கொடுத்து, ஒத்துவராமல் ஒரே வருடத்தில் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். வாய் அதிகம். ஆனால் நல்லது கெட்டது எதுவானாலும் யாரும் சொல்லாமலே சமையல் கட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்றுகொள்வாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஊரில் முறை தெரியாத ஆள் என்று ஒருவர் இருக்க முடியாது. புதிதாகக் குடிவந்த வாத்தியாரோ, மின்சாரம் அளக்க வருகிற பையனோ, யாருக்கு யார் என்ன முறை என்று தீர்மானித்த பிறகுதான் அவர்களைத் திட்டவோ கேலி பண்ணவோ முடியும்.

"கதையில வர்றவனுக்கு என்னடி முறை?" என்றார் புஷ்பவல்லி.

"அப்புறம் எப்பிடி அண்ணி கேக்குறது? அண்ணன் முறைன்னா மரியாதயா கேக்கணும். மாமனாரு முறைன்னா முந்தானய இழுத்து வுட்டுக்கணும்."

புஷ்பவல்லி கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தம்பின்னு வச்சுக்க."

"அப்ப எனக்கு மச்சான்! நல்லதாப் போச்சு." மலர்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மச்சான், மொதல்ல ஒரு எடத்துல எறங்கிக் குளிங்க. ஊரு ஊரா நாறிக்கிட்டுப் போறீங்க."

அப்படித்தான் சாம்பலன் அந்தக் குடும்பத்துக்குள் வந்தான். முதல் கதையின் முடிவில் ஒரு பேய் அவனுடைய கயிற்றாலேயே அவனைத் தொங்கவிட்டது. கொட்டகையில் கத்திகள் ஓய்ந்தன. யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே எப்போதும் எல்லோர் கண்ணிலும் நீர்தான். புஷ்பவல்லி புத்தகத்தை மூடி, வீட்டுக்குப் போய், முன்வாசல் வழியாக நுழையாமல் கொல்லைப்பக்கம் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். லோடு இறக்கிவிட்டு வந்திருந்த சாமிதுரை எட்டிப் பார்த்தார்.

"என்னடி, இந்நேரத்துல தல முழுகுற?"

"தம்பி போயிட்டான்."

"எந்தத் தம்பி?"

"புஸ்தகத்துல."

"அது கதடி."

"கததான். நான் என்ன நெசம்னா சொன்னேன்?"

"அப்புறம் எதுக்கு முழுகுற?"

"தம்பின்னு வாயால சொல்லிப்புட்டேன்ல. சொன்னதுக்கு முழுகணுமா இல்லையா?"

இந்த இடத்தில் புஷ்பவல்லியை வெகுளி என்று நினைத்துவிடுவது எளிது. அவருக்குக் கதை எது, நடப்பு எது என்று துல்லியமாகத் தெரியும். சாம்பலன் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவன் தம்பி என்பதிலும் கிடையாது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று நான் சில நாள் யோசித்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அன்று இரவு வீட்டில் சமைக்கவில்லை. சாமிதுரை ஹோட்டலில் புரோட்டா வாங்கிவந்தார். இல்லாத மச்சானுக்காக வாங்கினோம் என்ற எரிச்சலோடு சாப்பிட்டார்.

மறுநாள் இரண்டாவது கதையில் சாம்பலன் கழுதை மேல் உட்கார்ந்து வந்தான்.

"அண்ணி! நேத்துதான செத்தாரு?" மலர்கொடி எழுந்தே விட்டாள்.

புஷ்பவல்லி முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் சொல்லலியே."

மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வம் திரும்பினார். அவர் ஏலாக்குறிச்சிக்காரர், மாதா கோயில் திருவிழாவுக்குக் கொட்டகையை மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர். "செத்தவங்க எழுந்து வர்றதெல்லாம் எங்க பக்கம்க்கா. அதுக்கும் மூணு நாள் கணக்கு இருக்கு. உங்க தம்பி மறுநாளே வந்துட்டாரு, ரொம்ப அவசரம்."

"எங்க பக்கம் மட்டும் என்னவாம்? சிறுவாச்சூரு அம்மாவே வாரத்துல ரெண்டு நாள்தான் வூட்டுல இருக்கா. மத்த நாளு மலைக்குப் போயிடுறா. வரவங்க வருவாங்க, போறவங்க போவாங்க" என்றாள் மலர்கொடி.

"அதெல்லாம் சரி, எனக்குத் தீட்டு இருக்கா இல்லையா? அதச் சொல்லு" என்றார் புஷ்பவல்லி.

கட்டிக்கொடுத்த அக்காளுக்குத் தம்பி செத்தால் மூன்று நாள். ஆனால் தம்பி மறுநாளே கழுதையில் வந்துவிட்டால்? கொட்டகை அதை நெடுநேரம் விவாதித்தது. உயிரோடு இருக்கிறவனுக்குத் தீட்டுக் காத்தால் அவனுக்கு ஆகாது என்று முடிவாயிற்று. அவன் வந்து நின்ற வரியிலேயே தீட்டுக் கழிந்தது. அந்தக் கதையின் கடைசி வரியில் மறுபடி வந்தது.

இப்படியே மூன்றாவது கதையும் போனது. புஷ்பவல்லி முழுகினார், சாமிதுரை புரோட்டா வாங்கினார். நான்காவது கதை செவ்வாய்க்கிழமை முடிந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம்.

"இப்பிடியே வுட்டா மூணு நாள்ல தீட்டுக் கழிஞ்சிரும், வெள்ளிக்கிழம நீ சபைல நிக்கலாம் அண்ணி" என்று மலர்கொடி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ஆனா பொண்ணோட மாமன் செத்துக் கெடப்பான். செத்த மாமன வச்சுக்கிட்டு நிச்சயம் பண்ணுவியா?"

"அதான் எனக்கும் மனசு கேக்கல."

"அஞ்சாவது கதய நாளைக்கு ஆரம்பி. வந்துருவாரு. வந்ததும் பாதியில நிறுத்திடு. நிச்சயம் முடியுற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது. உசிரோட இருக்கட்டும்."

"எந்த எடத்துல நிறுத்துறது?"

மலர்கொடி யோசித்துச் சொன்னாள்: "சாப்புடுற எடமா பாத்து நிறுத்து. பாவம், அந்த மனுசன் ஒரு கதையிலயும் நிம்மதியா சாப்புட்டதில்ல."

புதன்கிழமை சாம்பலன் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்தான். கம்பங்கூழும் கருவாடும் வந்தன. அவன் கையை நனைத்த இடத்தில் புஷ்பவல்லி ஒரு வெங்காயத் தாளை வைத்துப் புத்தகத்தை மூடினார். கொட்டகையில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வரை அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

கெடுத்தது சாமிதுரை. செவ்வாய் சாயங்காலம் சம்பந்தியம்மா வெற்றிச்செல்வி பட்டு எடுக்கப் போவது பற்றிப் பேசப் போன் செய்திருக்கிறார். லாரியில் இருந்த சாமிதுரை, விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல், "அவ தீட்டுல இருக்காங்க. தம்பி தவறிட்டான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதை வீட்டில் சொல்லவும் மறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போகாமல் இருக்க விக்கிரமங்கலத்துக்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. வெற்றிச்செல்வி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இறங்கினார். பின்னால் முத்துவேல், தோளில் துண்டு, முகத்தில் அளவான துக்கம்.

வாசலில் பந்தல் இல்லை. உள்ளே மலர்கொடி காபி போட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி தலையில் பூ வைத்திருந்தார்.

வெற்றிச்செல்வி அவரைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். புஷ்பவல்லிக்குக் காரணம் புரியாவிட்டாலும், ஒருவர் கட்டிக்கொண்டு அழும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லை என்பதால் அவரும் கொஞ்சம் அழுதார். முத்துவேல் சாமிதுரையின் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"எப்பிடிங்க ஆச்சு?"

சாமிதுரை விட்டத்தைப் பார்த்தார். "என்னத்தங்க சொல்றது..."

"தம்பி எப்பிடிச் சம்பந்தி போனாரு?" என்று வெற்றிச்செல்வி கேட்டார்.

அப்போதுதான் புஷ்பவல்லிக்கு விளங்கியது. "தம்பியா? அவன் இப்ப நல்லாருக்கான் சம்பந்தி. சாப்புட்டுக்கிட்டு இருக்கான்."

வெற்றிச்செல்வியின் அழுகை பாதியில் நின்றது. முத்துவேல் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"நேத்து தவறிட்டாருன்னு சொன்னாங்களே?"

"நேத்து தவறுனான். இன்னைக்கு வந்துட்டான்."

"ஆஸ்பத்திரில தப்பாச் சொல்லிட்டாங்களா?"

"ஆஸ்பத்திரியெல்லாம் இல்ல. தூக்கு."

முத்துவேல் எழுந்து நின்றுவிட்டார். "சாமிதுரை, நான் ஒண்ணு கேக்குறேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மாமன் யாருன்னு கேட்டதுக்குப் பாத்துக்கலாம்னு மட்டும் சொன்னீங்க. இப்ப ஒரு தம்பி இருக்காருங்கறீங்க. எதுக்கு மறச்சீங்க? என்ன தொழில் பாக்குறாரு அவரு?"

"தூக்குப் போடுறாரு" என்றாள் மலர்கொடி, காபியோடு வந்து. "மத்தவங்களுக்கு."

முத்துவேல் மறுபடி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "கவர்மென்ட்டா?" என்று கேட்டார்.

"ராஜாகிட்ட."

"பென்சன் உண்டா?" என்றார் வெற்றிச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதெல்லாம் இல்ல சம்பந்தி. ஒரு கழுத மட்டுந்தான் சொந்தம்" என்று சொல்லி, இனியும் வளர்க்க வேண்டாம் என்று புஷ்பவல்லி உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து முத்துவேல் கையில் கொடுத்தார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். தம்பி என்று சொன்னது, முழுகியது, சாப்பிடும் இடத்தில் நிறுத்தியது. தான் ஏதும் விசித்திரமாகச் செய்ததாக அவர் குரலில் தெரியவில்லை.

முத்துவேல் அட்டையைப் பார்த்தார். கோபப்படுவதா, சிரிப்பதா, காரை எடுக்கச் சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாதபோது எல்லோரும் செய்வதைச் செய்தார். தாள் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினார். பஞ்சாயத்தில் தீர்மானம் வாசிக்கிற குரல் அவருக்கு. சாம்பலன் கூழைக் குடித்து முடித்தான். சத்திரக்காரிக்கு நிழல் இல்லை என்பதைக் கவனித்தான். வெற்றிச்செல்வி அண்ணன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். காக்கை வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் அவன் பின்னால் வந்து கயிற்றை எடுத்து அவன் கழுத்தில்—

"மாமா, பக்கத்தத் திருப்பாதீங்க!" மலர்கொடி காபித் தம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"என்னம்மா இது! முக்கியமான எடத்துல!"

"இன்னும் ரெண்டு வரி படிச்சா அவரு செத்துருவாரு. அண்ணிக்குத் தீட்டு வந்துரும். கெடப்போறது உங்க மருமவனோட நிச்சயந்தான்!"

"சாவாருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? தப்பிக்கலாமில்ல?"

"எந்தக் கதையில தப்பிச்சாரு?"

"இந்தக் கதையில தப்பிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

இருவரும் புத்தகத்தின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த சாமிதுரை தனக்கு அடுத்த லோடு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பப் பார்த்தார். புஷ்பவல்லி புத்தகத்தை வாங்கி மூடினார். "வெள்ளிக்கிழம முடியட்டுங்க. அப்புறம் நீங்களே எடுத்துட்டுப் போய்ப் படிங்க."

முத்துவேல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பதவி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "சரி. உங்க நம்பிக்கய நான் கொற சொல்லல. ஆனா மாலய எடுத்துப் போட ஒரு கை வேணுமில்ல? இல்லாத ஆள மாமன்னு சொன்னா எங்க சனம் சிரிக்கும். சபையில ஒரு மாமன் நிக்கணும். இல்லேன்னா நிச்சயத்தத் தள்ளிப் போடுவோம். தள்ளிப் போட்டா அப்புறம் எங்க வூட்டுல ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. பாத்துக்கங்க."

உள்அறையில் நின்றிருந்த கலையரசியின் முகம் வாடியதைப் புஷ்பவல்லி பார்த்தார். தள்ளிப்போன நிச்சயங்கள் பிறகு நடந்ததாக அந்தத் தெருவில் சரித்திரம் இல்லை.

"எங்க அண்ணனே நின்னுரட்டுமே" என்றார் வெற்றிச்செல்வி, நல்ல மனதோடு.

"நல்ல கதையா இருக்கே" என்றாள் மலர்கொடி. "மாப்பிள்ளைக்கும் அவரே மாமன், பொண்ணுக்கும் அவரே மாமன்னா, பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்க. அப்புறம் யாருக்கு யார நிச்சயம் பண்றது?"

வெற்றிச்செல்வி காபியைக் குடித்தார். கடைசியில் புஷ்பவல்லி ஆரோக்கியசெல்வத்துக்குப் போன் போட்டார். பல வருடங்களாக அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஆரோக்கியசெல்வம் எதிர்முனையில் சிரித்தார். "மால போடுறதுதானக்கா? போட்டுருவோம். கழுத கொண்டாரணுமா?" முத்துவேல் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டார். வேறு மதமாக இருந்தாலும் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை கொட்டகையில் வேலை மந்தமாக நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இப்போது கழுத்தில் கயிற்றோடு நிற்கிறான். ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்க வேண்டும். "ஒரு வாய் கூழு... அது பொறுக்கல அந்தாளுக்கு" என்று மலர்கொடி ஒரே ஒரு முறை முத்துவேலைத் திட்டினாள். வழக்கமாக மச்சானைக் கேலி பண்ணுகிறவள் அன்று பண்ணவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "என்ன மலரு, வூட்டுக்காரர வெளியூரு அனுப்புன மாதிரி உக்காந்திருக்க?" என்று சீண்டியபோதும் குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தாள். புஷ்பவல்லி தன் கூடையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு அறுக்கத் தொடங்கினார். மத்தியானம் முத்துவேல் போன் செய்தார். பட்டு, பந்தி, பூ எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டு, "அந்தச் சத்திரக்காரிக்கு நிழல் ஏன் இல்ல சம்பந்தி? மொத கதையில செத்தவளா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று புஷ்பவல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு பலர் பல விதமாகக் காரணம் கேட்டார்கள். சாமிதுரை கோபமாகக் கேட்டார், கலையரசி கல்யாணத்துக்குப் பின் ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். ஆரோக்கியசெல்வம் தன்னிடம் ஏதும் தப்பா என்று வருத்தத்தோடு கேட்டார். கொட்டகையில் இதற்கு இரண்டு மூன்று விளக்கங்கள் உலவுகின்றன; எனக்கு அவை எதுவும் திருப்தியாக இல்லை. புஷ்பவல்லி ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. நடந்தது இதுதான்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கோயிலுக்கு வந்த கூட்டத்தில் முக்கால்வாசி தெரியாத்தனமாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைப் பரப்பினார்கள். முத்துவேல் சபை நடுவில் எழுந்து நின்று, தன் வாழ்நாள் முழுவதும் இதற்காகவே ஒத்திகை பார்த்தவர் போல, "பொண்ணோட தாய்மாமன் வாங்க! மாலையப் போட்டுப் பொண்ண அழச்சிட்டு வாங்க!" என்றார். ஆரோக்கியசெல்வம் மடிப்புக் கலையாத பட்டு வேட்டியில், கையில் சம்பங்கி மாலையோடு முன்னால் வந்தார். கலையரசி குனிந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் தம்பி" என்றார் புஷ்பவல்லி.

ஆரோக்கியசெல்வத்தின் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டார். சபையைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, பந்திக் கூடத்துக்குள் போனார். அங்கே அண்டாக்களுக்குப் பக்கத்தில் மலர்கொடி இலைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா."

மலர்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்குக் குடுக்கணும் அண்ணி?"

"நீ போடு."

"நானா? வேணாம் அண்ணி. நான் போயி... கையெல்லாம் வெங்காய நாத்தம். எல்லாரும் பாக்குறாங்க."

புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சாமிதுரை பாதி எழுந்தார். முத்துவேலின் துண்டு நழுவியது.

"சம்பந்தி, என்ன முறை இது? அவங்க அத்தக்காரி இல்ல? மாமன் எங்க?"

புஷ்பவல்லி மலர்கொடியைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டார். வெற்றிச்செல்வி மட்டும் அண்ணனையும் மலர்கொடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைப் பின்னால் இழுத்து வழி விட்டார். மலர்கொடி மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கலையரசியின் முன்னால் வந்து நின்றாள்.

"போடு" என்றார் புஷ்பவல்லி மறுபடி. பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.